சூடு ஏறினால் செல் என்ன செய்யும்? வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள்: ஓர் எளிய அறிமுகம்

தண்ணீர் கொதிக்க 100 டிகிரி செல்சியஸ் வேண்டும். நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். ஆனால் உடல் வெப்பம் 37-லிருந்து 42 டிகிரிக்கு ஏறினாலே உயிருக்கு ஆபத்து. இடையில் இருப்பது வெறும் ஐந்து டிகிரி. தண்ணீருக்கும் உப்புக்கும் எலும்புக்கும் ஐந்து டிகிரி ஒரு பொருட்டே இல்லை. பிறகு எதுதான் இவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகிறது? முக்கியமாக, செல்லுக்குள் இருக்கும் புரதங்கள்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. பாக்டீரியா, ஈஸ்ட், செடி, ஈ, மனிதன் என எல்லா உயிர்களுக்கும் உண்டு. ஆச்சரியம் என்னவென்றால், அநேகமாக எல்லாமே இதை ஒரே வழியில் சமாளிக்கின்றன. சூடு ஏறிய சில நிமிடங்களிலேயே சில பாதுகாப்புப் புரதங்களை அவசர அவசரமாகத் தயாரிக்கின்றன. அவற்றுக்கு வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று பெயர். அவை என்ன செய்கின்றன என்பது ஒரு கேள்வி. ஆபத்து வந்துவிட்டது என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதற்கான விடைதான் எனக்கு அதிகம் பிடித்தது. ஆனால் முதல் கேள்வியைக் கடக்காமல் அங்கே போக முடியாது.

உருவம் கெட்டால் வேலை கெட்டது

உணவைச் சிதைப்பது, ஆக்சிஜனைச் சுமப்பது, தசையைச் சுருக்குவது, டிஎன்ஏவைப் பிரதியெடுப்பது என்று எந்த வேலையை எடுத்தாலும் பின்னால் ஒரு புரதம் இருக்கும். ஒவ்வொரு புரதமும் பிறக்கும்போது ஒரு நீளமான சங்கிலிதான். மரபணு சொல்லும் வரிசைப்படி 20 வகை அமினோ அமிலங்களை ரைபோசோம் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டே போகும். நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்கள் கொண்ட அந்தச் சங்கிலி, மடிந்து சுருண்டு தனக்கே உரிய முப்பரிமாண உருவத்தை அடைந்தால்தான் பெரும்பாலும் வேலைக்கு ஆகும்.

அந்த மடிப்பை நடத்துவது பெரும்பாலும் தண்ணீர்தான். அமினோ அமிலங்களில் சில தண்ணீரோடு ஒட்டி உறவாடும். சில எண்ணெய்க் குணம் கொண்டவை, தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும். செல்லுக்குள் எங்கும் தண்ணீர் என்பதால், எண்ணெய்க் குணமுள்ளவை புரதத்தின் உட்பக்கம் போய் ஒளிந்துகொள்ளும், மற்றவை வெளிப்பக்கம் நிற்கும். ரைபோநியூக்ளியேஸ் என்ற சிறிய நொதியின் உருவத்தை வேதிப்பொருள் போட்டுக் குலைத்து, பிறகு அந்த வேதிப்பொருளை அகற்றினால், அது யாருடைய உதவியும் இல்லாமல் பழைய உருவத்துக்கே திரும்புகிறது என்று கிறிஸ்டியன் அன்ஃபின்சன் காட்டினார். 1972-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. எப்படி மடிய வேண்டும் என்ற தகவல் சங்கிலியின் வரிசையிலேயே இருக்கிறது என்பதுதான் அவர் கண்டது.

சரி, புரதம் தானாகவே மடியும் என்றால் பிரச்சினை எங்கே? அன்ஃபின்சனின் சோதனைக் குழாயில் புரதம் நீர்க்கக் கலந்திருந்தது. செல்லுக்குள் நிலைமை வேறு. அங்கே ஒரு மில்லிலிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை புரதமும் பிற பெரிய மூலக்கூறுகளும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. பாதி மடிந்த நிலையில் ஒரு சங்கிலியின் எண்ணெய்ப் பகுதி வெளியே தெரிந்தால், பக்கத்தில் அதேபோல் தெரியும் இன்னொரு சங்கிலியோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மூன்றாவது, நான்காவது. கடைசியில் எதற்கும் உதவாத ஒரு கட்டி.

இன்னொரு சிக்கலும் உண்டு. மடிந்த புரதம் அப்படியொன்றும் உறுதியானதல்ல. மடிந்த நிலைக்கும் குலைந்த நிலைக்கும் உள்ள ஆற்றல் வித்தியாசம், ஒரு சில ஹைட்ரஜன் பிணைப்புகளின் பலத்துக்குத்தான் சமம். இதைக் குறை என்று சொல்லிவிட முடியாது. நொதி வேலை செய்யும்போது வளைய வேண்டும், திறந்து மூட வேண்டும், கல் மாதிரி இறுகிக் கிடந்தால் ஆகாது. அந்த நெகிழ்வுக்குக் கொடுக்கும் விலைதான் சூடு தாங்காத தன்மை. கொஞ்சம் வெப்பம் கூடினாலும் மென்மையான புரதங்கள் முதலில் அவிழத் தொடங்கும், எண்ணெய்ப் பகுதிகள் வெளியே வரும், ஒட்டுதல் ஆரம்பிக்கும். முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் வெளுத்துக் கெட்டியாவது இதே நிகழ்ச்சியின் முற்றிய வடிவம். ஆறவைத்தாலும் அது பழையபடி திரவமாவதில்லை.

யாரோ திருகிவிட்ட வெப்பநிலை

இந்தத் துறை தொடங்கியதே ஒரு தற்செயலால். 1960-களின் தொடக்கத்தில் இத்தாலியில் ஃபெருச்சியோ ரிட்டோசா பழ ஈயின் குரோமோசோம்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். பழ ஈப் புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் இருக்கும் குரோமோசோம்கள் விசேஷமானவை. ஒரே டிஎன்ஏ இழையின் ஆயிரம் பிரதிகள் வரை பக்கம் பக்கமாகச் சேர்ந்து தடித்திருக்கும். அதனால் சாதாரண நுண்ணோக்கியிலேயே பட்டை பட்டையாகத் தெரியும். எந்த மரபணு மும்முரமாக வேலை செய்கிறதோ அந்த இடத்தில் குரோமோசோம் பஞ்சுபோல உப்பிக்கொள்ளும்.

ஒருநாள் ஆய்வகத்தில் யாரோ அடைகாப்பானின் வெப்பநிலையைத் தெரியாமல் கூட்டிவிட்டார்கள். அதிலிருந்த ஈக்களின் குரோமோசோம்களைப் பார்த்தபோது, வழக்கமான இடங்களில் இல்லாமல் புதிய இடங்களில் உப்பல்கள் தெரிந்தன. ரிட்டோசா வேண்டுமென்றே சூடேற்றிப் பார்த்தார். சில நிமிடங்களில் அதே இடங்களில் அதே உப்பல்கள். அவருடைய கட்டுரையை ஒரு பிரபல இதழ், இதற்கு உயிரியலில் என்ன முக்கியத்துவம் என்று தெரியவில்லை என்ற தோரணையில் திருப்பி அனுப்பிவிட்டது. 1962-இல் வேறோர் இதழில் வெளிவந்தது. அந்தச் சிறிய கட்டுரையில் இன்னொரு விஷயமும் இருந்தது, அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: சூடே இல்லாமல், டைநைட்ரோபீனால் என்ற வேதிப்பொருளைக் கொடுத்தாலும் அதே இடங்கள்தான் உப்பின.

உப்பிய மரபணுக்கள் எதைத் தயாரிக்கின்றன என்று தெரிய இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 1974-இல் ஆல்ஃப்ரெட் டிசியேர், ஹெர்ஷல் மிச்செல், உர்சுலா டிரேசி மூவரும் சூடேற்றிய ஈத் திசுவுக்குக் கதிரியக்க அமினோ அமிலத்தைக் கொடுத்து, புதிதாகத் தயாராகும் புரதங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். வழக்கமான புரதங்களின் தயாரிப்பு மங்கியிருந்தது. அதற்குப் பதில் ஒருசில புரதங்கள் மட்டும் அழுத்தமாகத் தெரிந்தன. வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்ற பெயர் அவற்றுக்கு அப்படியே நிலைத்துவிட்டது.

அவற்றை ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் ஹெச்எஸ்பி என்று சுருக்கி, பக்கத்தில் ஓர் எண்ணைச் சேர்த்து எழுதுவது வழக்கம். ஹெச்எஸ்பி70, ஹெச்எஸ்பி90, ஹெச்எஸ்பி60 என்று. அந்த எண் ஏறத்தாழ அதன் எடை, மூலக்கூறுகளை எடைபோடும் அலகான கிலோடால்டனில். வேறு ரகசியம் ஒன்றும் அதில் இல்லை.

பிடி, விடு, மறுபடி பிடி

இவற்றில் ஒன்றை மட்டும் நெருங்கிப் பார்க்கலாம். ஹெச்எஸ்பி70 இரண்டு பகுதிகள் கொண்டது. ஒரு பகுதி, செல்லின் எரிபொருளான ஏடிபியைப் பிடிக்கும். மற்றது குலைந்த புரதச் சங்கிலியைப் பிடிக்கும். பிடிக்கும் பகுதியில் ஒரு பள்ளம், அதன் மேல் ஒரு மூடி. ஏழெட்டு அமினோ அமில நீளத்துக்கு எண்ணெய்க் குணமுள்ள துண்டு எதுவாக இருந்தாலும் அந்தப் பள்ளத்தில் பொருந்தும். அப்படிப்பட்ட துண்டுகள் ஏறக்குறைய எல்லாப் புரதங்களிலும் உண்டு. ஒழுங்காக மடிந்த புரதத்தில் அவை உள்ளே மறைந்திருக்கும். வெளியே தெரிந்தால் அந்தப் புரதம் இன்னும் மடியவில்லை, அல்லது அவிழ்ந்துவிட்டது என்று அர்த்தம். யார் சிக்கலில் இருக்கிறார்கள் என்று ஹெச்எஸ்பி70 தனியாகக் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. பள்ளத்தில் பொருந்துகிறவரெல்லாம் சிக்கலில் இருப்பவர்தான்.

ஏடிபி உள்ளே இருக்கும்போது மூடி திறந்திருக்கும். ஹெச்எஸ்பி40 என்ற துணைப் புரதம் குலைந்த சங்கிலியைக் கொண்டுவந்து கொடுத்து, ஏடிபியை உடைக்கவும் தூண்டிவிடும். ஏடிபி உடைந்ததும் மூடி விழும், சங்கிலி சிக்கிக்கொள்ளும். பிடிபட்டிருக்கும் வரை அந்த எண்ணெய்த் துண்டு வேறெதனோடும் ஒட்ட முடியாது. சற்று நேரத்தில் வேறொரு துணைப் புரதம் வந்து, உடைந்த ஏடிபியின் மிச்சத்தை வெளியே தள்ளும். புது ஏடிபி உள்ளே வந்து மூடி திறக்கும், சங்கிலி விடுபடும். விடுபட்ட கணத்தில் அது மடிய முயலும். மடிந்துவிட்டால் நல்லது. இல்லையென்றால் எண்ணெய்த் துண்டு இன்னும் வெளியே இருக்கும், மறுபடியும் பிடிபடும்.

சரியான உருவம் எது என்று ஹெச்எஸ்பி70-க்குத் தெரியவே தெரியாது. அது புரதத்தை மடித்துக் கொடுப்பதில்லை. தப்பான சேர்க்கையைத் தடுத்து, மடிவதற்கு மறுபடி மறுபடி வாய்ப்புக் கொடுக்கிறது, அவ்வளவுதான். மடிக்கும் தகவல் அன்ஃபின்சன் சொன்ன இடத்தில், சங்கிலியிலேயேதான் இருக்கிறது. ஒரே ஹெச்எஸ்பி70 ஆயிரக்கணக்கான வெவ்வேறு புரதங்களுக்கு உதவ முடிவது இதனால்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹெச்எஸ்பி60 வகையில் நன்றாக ஆராயப்பட்டது ஈ.கோலை பாக்டீரியாவின் குரோஈஎல். ஏழேழு உறுப்புகள் கொண்ட இரண்டு வளையங்கள் முதுகோடு முதுகு ஒட்டி, பக்கத்துக்கு ஓர் அறையாக அமைந்தது. குலைந்த புரதம் ஒன்று உள்ளே போனதும் மேலே ஒரு மூடி வந்து உட்காரும். வெளிக் கூட்டத்தின் தொந்தரவு இல்லாமல் சுமார் பத்து வினாடி தனியாக மடிய வாய்ப்புக் கிடைக்கும், பிறகு மூடி திறக்கும். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் புரதம் மடிய இதே வகைப் புரதம் தேவை என்று 1989-இல் காட்டியவர்கள் ஆர்தர் ஹார்விச்சும் உல்ரிச் ஹார்டலும். ஹெச்எஸ்பி90 சற்றே பொறுக்கியெடுத்து உதவும். ஹார்மோன் ஏற்பிகள், செல் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் நொதிகள் போன்ற நிலையற்ற புரதங்கள்தான் அதன் வாடிக்கையாளர்கள். சாதாரண நாளிலேயே செல்லின் மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு ஹெச்எஸ்பி90-ஆக இருக்கும். ஈஸ்ட்டில் ஹெச்எஸ்பி104 என்று ஒன்று உண்டு. ஏற்கனவே உருவாகிவிட்ட கட்டியிலிருந்து சங்கிலிகளை ஒவ்வொன்றாகத் தன் நடுத்துளை வழியே இழுத்துப் பிரித்தெடுக்கும். விலங்குச் செல்களின் சைட்டோபிளாசத்தில் அது கிடையாது. ஹெச்எஸ்பி70-ஐயும் அதன் கூட்டாளிகளையும் வைத்துத்தான் அந்த வேலையை ஓட்ட வேண்டும்.

சிறிய ஹெச்எஸ்பிக்கள் ஏடிபியே செலவழிக்காதவை. அவிழும் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, பெரியவர்கள் வரும் வரை கட்டியாகாமல் பார்த்துக்கொள்ளும். இந்த வகையைச் சேர்ந்த ஆல்ஃபா கிரிஸ்டலின் நம் கண் வில்லையில் ஏராளமாக இருக்கிறது. வில்லையின் நடுவே உள்ள செல்களுக்கு உட்கரு கிடையாது, அதனால் அங்கே புதுப் புரதம் தயாராக வழியில்லை. பிறந்தபோது இருந்த புரதங்களே சாகும்வரை தெளிவாக, ஒட்டாமல் இருக்க வேண்டும். ஆல்ஃபா கிரிஸ்டலின் பல பத்தாண்டுகள் அதைச் சமாளிக்கிறது. அதன் கையிருப்பு தீரத் தீர, மற்றப் புரதங்கள் ஒட்டிக் கட்டியாகி ஒளியைச் சிதறடிக்கும். முதுமையில் வரும் கண்புரைக்கு இது முக்கியக் காரணம்.

எவ்வளவு முயன்றும் மடியாத புரதத்துக்கு யுபிக்விட்டின் என்ற அடையாளம் ஒட்டப்பட்டு, புரோட்டியசோம் என்ற இயந்திரத்தில் அது துண்டாக்கப்படும். அந்த அமைப்பைக் கண்டறிந்த மூவருக்கு 2004-இல் நோபல் கிடைத்தது. வெப்ப அதிர்ச்சியின்போது யுபிக்விட்டின் தயாரிப்பும் கூடுகிறது.

செல்லுக்கு எப்படித் தெரிகிறது?

இனி எனக்குப் பிடித்த பகுதி. செல்லுக்குள் ஒரு வெப்பமானி இருக்கிறது, அது சூட்டைப் பார்த்துக் கட்டளை இடுகிறது என்று நினைப்பது இயல்பு. ஆனால் ரிட்டோசாவின் டைநைட்ரோபீனால் அந்த எண்ணத்தை அன்றே இடித்தது. பிற்பாடு பட்டியல் நீண்டது. ஆல்கஹால், ஆர்சனிக், காட்மியம், ஆக்சிஜன் குறைவு, வைரஸ் தொற்று என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பலவும் அதே மரபணுக்களை எழுப்பின. இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது என்ன? எல்லாமே ஏதோ ஒரு வழியில் புரதங்களின் உருவத்தைக் குலைக்கின்றன.

இதை நேரடியாகச் சோதித்தவர்கள் அனந்தன், கோல்ட்பர்க், வோல்மி மூவரும். 1986-இல் அவர்கள் தவளையின் முட்டைச் செல்லுக்குள் புரதத்தை ஊசியால் செலுத்திப் பார்த்தார்கள். ஒழுங்காக மடிந்த புரதத்தைச் செலுத்தியபோது ஒன்றும் நடக்கவில்லை. அதே புரதத்தை முன்கூட்டியே உருக்குலைத்துச் செலுத்தியபோது வெப்ப அதிர்ச்சி மரபணு விழித்துக்கொண்டது. சூடு ஏற்றவே இல்லை. குலைந்த புரதமே போதுமான எச்சரிக்கை.

அந்த எச்சரிக்கையைப் படிப்பது ஹெச்எஸ்எஃப்1 என்ற புரதம். வெப்ப அதிர்ச்சி மரபணுக்களை இயக்கிவிடும் சாவி அதுதான். சாதாரண நேரத்தில் செல்லுக்குள் அது சும்மா இருக்கும். ஏன் சும்மா இருக்கிறது என்றால், ஹெச்எஸ்பி70, ஹெச்எஸ்பி90 போன்ற உதவிப் புரதங்களே அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. சூடு ஏறி ஏராளமான புரதங்கள் குலைந்தால், உதவிப் புரதங்கள் அந்தப் பக்கம் ஓட வேண்டியிருக்கும். ஹெச்எஸ்எஃப்1-ஐப் பிடிக்க ஆள் இருக்காது. விடுபட்ட ஹெச்எஸ்எஃப்1 மும்மூன்றாகச் சேர்ந்து, டிஎன்ஏவில் வெப்ப அதிர்ச்சி மரபணுக்களுக்கு முன்னால் திரும்பத் திரும்ப வரும் ஒரு குறிப்பிட்ட வரிசையைப் பற்றிக்கொண்டு தயாரிப்பை முடுக்கிவிடும்.

ஆக, செல் அளப்பது சூட்டை அல்ல, தன்னிடம் எத்தனை உதவிப் புரதங்கள் கையில் வேலையில்லாமல் இருக்கின்றன என்பதை. எப்போதும் நாலைந்து வாடகை வண்டிகள் காத்து நிற்கும் இடம் ஒருநாள் காலியாகக் கிடந்தால், ஊருக்குள் ஏதோ நடக்கிறது என்று யாரும் வந்து சொல்லாமலே புரியுமே, அந்த மாதிரி. என்ன நடக்கிறது என்று தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. வண்டி பற்றவில்லை என்பதுதான் செய்தி.

இந்த ஏற்பாட்டில் நிறுத்துவதற்குத் தனிக் கட்டளை தேவையில்லை. புதிதாகத் தயாரான ஹெச்எஸ்பி70 முதலில் குலைந்த புரதங்களைக் கவனிக்கும். அவை குறையக் குறைய, வேலையில்லாத ஹெச்எஸ்பி70 மிஞ்சும். மிஞ்சியது ஹெச்எஸ்எஃப்1-ஐப் போய்ப் பிடித்துக்கொள்ளும். தயாரிப்பு தானாகவே அடங்கிவிடும். ஹெச்எஸ்எஃப்1 சூட்டை ஓரளவு நேரடியாகவும் உணர்கிறது என்பதற்குச் சான்றுகள் உண்டு, அதன்மேல் வேறு பல வேதிக் கட்டுப்பாடுகளும் இருக்கின்றன. ஆனால் அடிப்படைக் கணக்கு இதுதான்.

ஈ.கோலை பாக்டீரியாவில் ஹெச்எஸ்எஃப்1 கிடையாது. அங்கே சிக்மா-32 என்ற வேறொரு புரதம் அந்த இடத்தில் இருக்கிறது. அதையும் அந்தப் பாக்டீரியாவின் ஹெச்எஸ்பி70-தான் பிடித்து வைக்கிறது. பிடித்து வைப்பதோடு நிற்காமல் அழிப்பதற்கும் ஒப்படைக்கிறது, அதனால் சாதாரண வெப்பநிலையில் சிக்மா-32 சுமார் ஒரு நிமிடம்தான் தாக்குப்பிடிக்கும். சாவி வேறு, பூட்டு வேறு, ஆனால் கணக்கு ஒன்றே. கூடுதலாக, பாக்டீரியாவிடம் நிஜமான வெப்பமானியும் ஒன்று உண்டு: சிக்மா-32-க்கான எம்ஆர்என்ஏ, அதாவது மரபணுவின் செய்தியை ரைபோசோமுக்குக் கொண்டுபோகும் நகல், தன்மேலேயே மடிந்து, ரைபோசோம் உட்கார வேண்டிய இடத்தை மறைத்துக்கொண்டிருக்கும். சூடு ஏறினால் அந்த மடிப்பு அவிழும், தயாரிப்பு கூடும்.

அவசரத்துக்கென்றே சில ஏற்பாடுகள்

கட்டளை வந்தபின் வழக்கமான வேகத்தில் தயாரித்தால் ஆகாது. புரதத் தயாரிப்பு இயந்திரங்களும் புரதங்களால் ஆனவைதானே, அவையும் குலைய ஆரம்பித்திருக்கும். எனவே பழ ஈயின் ஹெச்எஸ்பி70 மரபணுவில், பிரதியெடுக்கும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸ் முன்கூட்டியே வந்து, 20 முதல் 40 எழுத்துகள் வரை பிரதியெடுத்துவிட்டுத் தயாராக நிற்கிறது. ஹெச்எஸ்எஃப்1 வந்ததும் அங்கிருந்து புறப்பட வேண்டியதுதான் பாக்கி.

அடுத்தது இன்னும் நேர்த்தி. விலங்குகளின் பெரும்பாலான மரபணுக்களில் நடுநடுவே தேவையில்லாத பகுதிகள் வரும். ஆர்என்ஏ தயாரானபின் அவற்றை வெட்டி நீக்கி ஒட்ட வேண்டும். சூட்டில் முதலில் பாதிக்கப்படும் வேலைகளில் இந்த வெட்டி ஒட்டுதலும் ஒன்று. சூட்டில் தூண்டப்படும் ஹெச்எஸ்பி70 மரபணுக்களில், ஈயிலும் சரி மனிதனிலும் சரி, அந்த இடைப்பகுதிகளே இல்லை. வெட்டவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம்.

இதற்கிடையே மற்றப் புரதங்களின் தயாரிப்பை செல் பெருமளவு நிறுத்திவைக்கிறது. ஏற்கனவே மடியாமல் கிடப்பவை போதாதென்று புதிதாகச் சங்கிலிகளைக் கொண்டுவந்து குவிப்பானேன்? பழைய எம்ஆர்என்ஏக்கள் ஓரமாகக் காத்திருக்கும், ஹெச்எஸ்பிக்களுக்கானவை மட்டும் ரைபோசோமில் ஏறும். 25 டிகிரியில் வாழும் பழ ஈயை 37 டிகிரிக்குக் கொண்டுபோனால், அதன் செல்களில் ஹெச்எஸ்பி70 ஆயிரம் மடங்கு வரை கூடும்.

இதற்கொரு பயனுள்ள பக்கவிளைவு உண்டு. மிதமான சூட்டைத் தாங்கி மீண்ட செல், அடுத்து வரும் கடும் சூட்டையும் தாங்குகிறது. முன்அனுபவம் இல்லாத செல் அதே சூட்டில் செத்துப்போகும். காரணம் நினைவாற்றல் அல்ல, முதல் முறை தயாரித்த ஹெச்எஸ்பிக்கள் இன்னும் கையிருப்பில் இருப்பதுதான். 1995-இல் ஹெச்எஸ்பி70 அதிகமாகத் தயாராகும்படி மரபணு மாற்றிய எலிகளின் இதயங்களைச் சோதித்தபோது, ரத்த ஓட்டம் தடைபட்டு மீண்டால் ஏற்படும் சேதம் அவற்றில் குறைவாக இருந்தது. இதைக் காட்டி, வெந்நீர்க் குளியலும் நீராவி அறையும் ஆயுளை நீட்டும் என்று விளம்பரம் செய்பவர்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. உடம்பு சூடானால் ஹெச்எஸ்பி கூடும் என்பது உண்மைதான், அதிலிருந்து நீண்ட ஆயுளுக்குத் தாவுவதுதான் பெரிய தாவல்.

அப்படியானால் ஹெச்எஸ்பிக்களை எப்போதும் ஏராளமாக வைத்துக்கொள்ளலாமே? முடியாது. சூடில்லாத நேரத்திலும் ஹெச்எஸ்பி70-ஐ அதிகமாகத் தயாரிக்கும்படி செய்த பழ ஈச் செல்கள் வளர்ச்சியில் பின்தங்கின. பிடித்து வைப்பதே தொழிலாகக் கொண்ட ஒரு புரதம் அளவுக்கு மீறினால், பிடிக்கக் கூடாததையும் பிடிக்கும். எதிர்ப்பக்கத்தில், இந்த அவசர ஏற்பாட்டையே கைவிட்ட உயிர்களும் உண்டு. அண்டார்டிகக் கடலில், எப்போதும் மைனஸ் 2 டிகிரியை ஒட்டியே இருக்கும் நீரில் வாழும் டிரெமட்டோமஸ் பெர்னாக்கி என்ற மீனைச் சூடேற்றினால் ஹெச்எஸ்பி தயாரிப்பு கூடுவதில்லை என்று 2000-இல் கண்டார்கள். அவ்வளவு குளிரில் புரதம் மடிவதே கஷ்டம் என்பதால் தேவையான அளவை அது நிரந்தரமாக வைத்திருக்கிறது. சூடு என்ற ஒன்றையே அது கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பார்த்ததில்லை.

ஒரே உத்தி, பல இடங்கள்

வெளியே சுரக்கப்படும் புரதங்கள் மடிவது எண்டோபிளாச வலை என்ற தனி அறையில். அங்கே நெருக்கடி வந்தால் செய்தி உட்கருவுக்குப் போக வேண்டும். ஐஆர்ஈ1 என்ற புரதம் அந்த அறையின் சுவரைத் துளைத்து நிற்கிறது. உட்பக்கம் குலைந்த புரதம் பெருகினால் வெளிப்பக்கம் அது வேலையைத் தொடங்கும். சாதாரண நாளில் அதைப் பிடித்து அடக்கி வைத்திருப்பதில் பங்கு பிஐபி என்ற புரதத்துக்கு. பிஐபி யார் என்று பார்த்தால், ஹெச்எஸ்பி70 குடும்பத்து ஆள்தான். இந்தச் செய்திப் பாதையைக் கண்டறிந்ததற்காக கசுதோஷி மோரியும் பீட்டர் வால்டரும் 2014-இல் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் பரிசு பெற்றார்கள்.

குலைந்த புரதத்தோடு தொடர்பில்லாத ஆபத்துகளிலும் இந்தப் பாணி தெரிகிறது. ஆக்சிஜன் குறைந்தால் செயல்படும் ஹெச்ஐஎஃப் என்ற புரதத்தைச் செல் எப்போதும் தயாரித்துக்கொண்டே, ஆக்சிஜனைப் பயன்படுத்தி உடனுக்குடன் அழித்துக்கொண்டும் இருக்கும். ஆக்சிஜன் குறைந்தால் அழிப்பு நிற்கும், ஹெச்ஐஎஃப் பெருகும். ஆக்சிஜனேற்றச் சேதத்துக்கு எதிரான நொதிகளை எழுப்பும் என்ஆர்எஃப்2-ஐ கீப்1 என்ற புரதம் பிடித்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். சேதப்படுத்தும் வேதிப்பொருள் கீப்1-ஐத் தாக்கினால் பிடி நழுவும். எல்லாவற்றிலும் சாவி முன்பே தயாராக இருக்கிறது, அதை அடக்கி வைத்திருக்கும் கை விலகுவதுதான் எச்சரிக்கை.

உதவி யாருக்கு?

வயது ஏற ஏற இந்த எதிர்வினை மந்தமாகிறது. ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள சீ. எலிகன்ஸ் புழுவில், முட்டையிடத் தொடங்கும் பருவத்திலேயே அது சட்டென்று குறைந்துவிடுகிறது. அல்சைமர், பார்க்கின்சன், ஹண்டிங்டன் நோய்களில் மூளைச் செல்களில் புரதக் கட்டிகள் சேர்வதைப் பார்த்தால், ஹெச்எஸ்எஃப்1-ஐ மருந்தால் எழுப்பிவிட்டால் என்ன என்று தோன்றும். பலரும் முயல்கிறார்கள். தயக்கத்துக்குக் காரணம் புற்றுநோய்.

புற்றுநோய்ச் செல் அவசரமாகப் பெருகுகிறது. அதன் மரபணுக்களில் மாற்றங்கள் நிறைய, அதனால் சரியாக மடியாத, தடுமாறும் புரதங்களும் நிறைய. உதவிப் புரதங்கள் இல்லாமல் அது பிழைக்க முடியாது. 2007-இல் ஹெச்எஸ்எஃப்1 இல்லாத எலிகளை ஆராய்ந்தபோது, அவற்றில் புற்றுநோய் உருவாவது வெகுவாகக் குறைந்திருந்தது. சூட்டிலிருந்து நம்மைக் காக்கும் அதே ஏற்பாடு, புற்றுநோய்க் கட்டியையும் பாரபட்சம் இல்லாமல் காக்கிறது.

அதனால் ஹெச்எஸ்பி90-ஐ முடக்கும் மருந்துகளைத் தேடினார்கள். புற்றுநோயை வளர்க்கும் நொதிகள் பல அதன் வாடிக்கையாளர்கள் என்பதால், அதை முடக்கினால் அவையும் விழும். ஆய்வகத்தில் அப்படியே விழுந்தன. ஆனால் ஹெச்எஸ்எஃப்1-ஐப் பிடித்து வைத்திருப்பவர்களில் ஹெச்எஸ்பி90-உம் ஒருவர் அல்லவா? அவரை முடக்கியதும் ஹெச்எஸ்எஃப்1 விடுபட்டது, சூடே இல்லாமல் வெப்ப அதிர்ச்சி எதிர்வினை கிளம்பியது, ஹெச்எஸ்பி70 குவிந்தது, புற்றுநோய்ச் செல்லுக்குப் புதுப் பாதுகாப்புக் கிடைத்தது. பக்க விளைவுகளும் சேர்ந்துகொள்ள, இந்த வகை மருந்துகள் பல மனிதச் சோதனைகளோடு நின்றுபோயின. 2022-இல் ஜப்பானில், இரைப்பை குடல் பகுதியில் வரும் ஒரு வகைக் கட்டிக்கு பிமிடெஸ்பிப் என்ற ஹெச்எஸ்பி90 தடுப்பான் அனுமதி பெற்றது. ஹெச்எஸ்எஃப்1-ஐக் கிளப்பிவிடாமலே ஹெச்எஸ்பி90-ஐ முடக்கும் மூலக்கூறுகளை வடிவமைக்கும் முயற்சியும் ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்கிறது.